காக்கைக்கு நிறுத்திய சோறு

குன்றின் மேலிருக்கும் முருகனுக்கு நேர்ந்துகொண்டு கோழியும் சேவலும் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. விட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு மலையிறங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் அதுகளுக்கு யார் தண்ணீர் வைப்பது? அடிவாரத்து மடத்தில் இருந்த வடிவம்மா வைத்தார். சாமிக்கு விட்ட கோழியை அறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஆயுசு முடிகிற வரைக்கும் மடத்தில் மேய்ந்துகொண்டு கிடக்கும்.

வடிவம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கோ அறுபது தாண்டிவிட்டது. தெய்வசிகாமணி என்று பெயர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் புலவரய்யா. வயதில் சின்னவர் முன்னால் கைகட்டி நிற்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. நல்ல மனுஷர்தான். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் பேச்சை நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

"எனக்குத் தீட்சை எப்போம்மா தருவீங்க?" என்று வந்த புதிதில் கேட்டார்.

"முதல்ல லவ் பேர்ட்ஸைப் பாருங்க" என்றார் வடிவம்மா.

வீடு மாறிப் போன யாரோ மடத்தில் விட்டுப்போன கூண்டு அது. புலவர் வேளைக்குத் தினை வைத்தார். முட்டையிடுவதற்குக் கூண்டுக்குள் சின்னக் கலயங்களைக் கட்டித் தொங்கவிட்டார். கலயத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் தாய் குஞ்சை வெறுத்துவிடும் என்று வடிவம்மா சொல்லியிருந்ததால், ஆசையை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்க்காமலே இருந்தார். ஒரு நாள் காலையில் கலயத்து வாயில் பச்சையும் நீலமுமாகக் குஞ்சுகள் தலையை நீட்டின. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே கோழியையும் நீங்களே பாருங்க" என்றார் வடிவம்மா.

செவலைக் கோழி ஒன்று அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

"தண்ணியைத் தட்டையான ஓட்டுல வைங்க புலவரய்யா. கூழாங்கல்லும் போட்டு வைங்க. பிஞ்சுக் குஞ்சு, ஆழத்துல விழுந்தா ஏறத் தெரியாது."

"ஆகட்டும்மா."

சொன்னபடிதான் செய்துவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அம்மா மலைமேலே போயிருந்தார். மடத்தைச் சுற்றிப் பார்த்த ஒருவர், "சாமி கோழிக்கு உடைஞ்ச ஓடுதானா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

புலவருக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பூசை உருளியை எடுத்துவந்தார். பளபளவென்று தேய்த்து வைத்த வெண்கல உருளி. அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிக் கோழி முன்னால் வைத்தார். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு கூடத்தில் உட்காரவைத்துச் சீவகாருண்யத்தைப் பற்றிப் பேசினார். அன்றைக்குப் பார்த்துப் பேச்சு அபாரமாக அமைந்துவிட்டது. ஓரறிவு உயிர் வாடினாலும் நம் நெஞ்சு வாட வேண்டும் என்று சொன்னபோது ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேன் கிளம்பிப் போனதும் கோழியைப் பார்க்க வந்தார். உருளியில் இரண்டு குஞ்சுகள் மிதந்தன. தாய்க்கோழி உருளியைச் சுற்றிச் சுற்றிக் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு உபதேசம் பண்ணின வாய் உலர்ந்துபோய்விட்டது. குஞ்சுகளை எடுத்து வாழைமரத்தடியில் புதைத்தார். உருளியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். பழைய ஓட்டைக் கொண்டுவந்து கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

வடிவம்மா மலையிலிருந்து வந்ததும் கோழியைத்தான் பார்த்தார்.

"ரெண்டு குறையுதே?"

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சும்மா."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது.

"விரட்டினீங்களா?"

"விரட்டினேன்மா. கைக்கு எட்டல."

"பாவம், பதறிப் போயிருப்பீங்க. உங்க மேல தப்பில்லை. உட்காருங்க, மோர் தர்றேன்."

கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். பொய் சொன்னதைவிட அந்த மோரைக் குடித்ததுதான் கேவலம் என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். மத்தியானம் முதல் உருண்டைச் சோறு மதில்மேல் காக்கைக்கு. காக்கை எடுத்த பிறகுதான் அம்மா இலை முன்னால் உட்காருவார். மறுநாள் புலவர் சோற்றை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனார்.

"வேண்டாம் புலவரய்யா" என்றார் வடிவம்மா. "சோறு வைக்கிறதாலதானே காக்கா இங்க வருது? குஞ்சு பெருசாகிற வரைக்கும் நிறுத்திடுவோம்."

"அதுக பசியில கத்துமேம்மா."

"கத்தும். என்ன பண்றது?"

காக்கைகள் நேரம் தவறாமல் வந்தன. மதில்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. வடிவம்மா வேகாத வெயிலில் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு குஞ்சுகளுக்குக் காவல் நின்றார்; காக்கை இறங்கினால் தட்டி ஓட்டினார். அம்மா சாப்பிடவும் இல்லை. காக்கை எடுக்காமல் எப்படிச் சாப்பிடுவார்? மோரோடு நிறுத்திக்கொண்டார்.

"நான் நிக்கிறேன்மா. நீங்க உள்ள போங்க" என்றார் புலவர்.

"எல்லாத்தையும் ஒருத்தர் தலையில கட்டலாமா? அன்னிக்கு நான் இருந்திருந்தா நீங்க தனியாத் தவிச்சிருக்க மாட்டீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். புலவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போவார், "என்ன புலவரய்யா?" என்று அம்மா திரும்பினால், "ஒண்ணுமில்லம்மா, வெயில் அதிகம்" என்று வந்துவிடுவார். நாற்பது வருஷம் வகுப்பெடுத்த மனுஷருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

அமாவாசை வந்தது. பக்கத்து ஊரிலிருந்து அன்னக்கொடி என்ற பெண்பிள்ளை தூக்குவாளியில் சோறும் வாழைக்காய்க் கறியும் கொண்டுவந்தாள். புருஷன் செத்ததிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மடத்து மதிலில்தான் அவனுக்குப் படையல்.

"இங்க இப்ப வைக்கிறதில்ல தாயீ" என்றார் வடிவம்மா. "குஞ்சு இருக்கு. குளத்தங்கரையில வச்சிட்டு வா."

அவள் மறுபேச்சில்லாமல் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். இலையில் சோறு அப்படியே இருந்தது.

"ஒரு காக்கா வரலம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. அவுகளுக்கு எம்மேல என்ன கோவமோ. ஆசுபத்திரியில அவுகளைத் தனியா விட்டுட்டு நா வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தாம்மா உசுரு போச்சு. அதை மனசுல வச்சிருக்காகளோ என்னமோ."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புலவருக்கு உடம்பு கூனிப்போயிற்று. எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"உன் மேல யாருக்கும் கோவம் இல்ல தாயீ" என்றார். "காக்கா எந்தக் குஞ்சையும் தூக்கல. நான்தான் உருளியில தண்ணி வச்சேன். விழுந்து செத்துப்போச்சு. பேசிக்கிட்டே இருந்தேன், பார்க்கல. வாழைமரத்தடியில புதைச்சிட்டு அம்மாகிட்ட காக்கான்னு பொய் சொல்லிட்டேன். உன் புருஷன் வந்து எடுக்கிற இடத்தை அடைச்சது நான்தான்."

வடிவம்மா அன்னக்கொடியின் கையிலிருந்த இலையை வாங்கிக்கொண்டு மதிலுக்குப் போனார். இலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டார். விரட்டின குரல் கூப்பிட்டால் உடனே வந்துவிடுமா? காக்கைகள் வேப்பமரத்தில் இருந்தபடியே பார்த்தன. அம்மா கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார். அப்புறமும் கூப்பிட்டார். கடைசியில் ஒன்று இறங்கி வந்து ஒரு வாய் எடுத்தது.

அன்னக்கொடி அங்கேயே விழுந்து கும்பிட்டாள். இலை காலியாகும்வரை இருந்துவிட்டு, வெறும் தூக்குவாளியோடு புறப்பட்டுப் போனாள்.

வடிவம்மா கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். புலவர் சோறு போட்டார். அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு முதல்லயே தெரியும். நானே வந்து சொல்லட்டும்னுதான் வெயில்ல நின்னீங்க, பட்டினி கிடந்தீங்க. எல்லாம் எனக்கு வச்ச சோதனை. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது அவருக்கு. சொல்லிவிட்டால் ஏதோ பாடம் படித்த கணக்கில் போய்விடும்.

வடிவம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல புலவரய்யா. நீங்க சொன்னீங்க, நான் நம்பினேன்."