“வடக்கே மேடு” என்று சொன்ன குரங்கு

மலையடிவாரக் காட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தவர் ஆள்காட்டிப் பறவை. நீளக் கால்கள், கணீர்க் குரல். அவர் பாடம் நடத்தினால் ஆற்றின் அக்கரை வரை கேட்கும். வகுப்பில் யாரும் தூங்க முடியாது, பாவம்!

முதல் மாணவன் குரங்கு. மலை, ஆறு, ஏரி என்று எல்லாப் பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

ஒருநாள் டீச்சர் காட்டின் வரைபடத்தை மரத்தில் மாட்டினார். “நம்ம காட்டுல எந்தப் பக்கம் மேடு?” என்று கேட்டார்.

“வடக்கு, டீச்சர்!” என்று குரங்கு துள்ளியது. “படத்துல வடக்குதானே மேலே இருக்கு!”

டீச்சர் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தார். “இப்ப எது மேலே, சொல்லு!”

குரங்கு தலையைச் சொறிந்தது.

“படத்துல மேலே இருந்தா மேடு ஆயிடுமாடா? மேல்ங்கிறதுலேருந்து வந்ததுதான் மேற்கு. கீழ்ங்கிறதுலேருந்து வந்தது கிழக்கு. நம்ம மலை மேற்கே இருக்கு. சந்தேகம்னா தண்ணியைக் கேளு. அது எங்கேருந்து வருதோ, அதுதான் மேடு!”

சுரைக்குடுக்கையில் இருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றியும் காட்டினார். அது கிழக்கே சரிந்து ஓடியது.

குரங்கு கொட்டாவி விட்டது. “இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?”

“வராது” என்றார் டீச்சர். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“அப்புறம் எதுக்கு!” என்றது குரங்கு. வகுப்பே சிரித்தது. டீச்சரின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மறுநாள் மறுபடியும் ஊற்றிக் காட்டினார்.

ஐப்பசி பிறந்தது. ஒரு விடுமுறை நாளில் குரங்கும் முயலும் முள்ளம்பன்றியும் ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்தன. மழை கொட்டியது. திடீரென்று ஆறு கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்தது!

“வடக்கே ஓடுங்க! அதுதான் மேலே!” என்று கத்தியது குரங்கு. முதல் மாணவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? மற்ற இரண்டும் பின்னாலேயே ஓடின.

ஓட ஓட ஆழம் கூடியது. முயலுக்குக் கழுத்து வரை தண்ணீர்! குரங்கு பயத்தில் ஒரு மரத்தில் தாவி ஏறியது.

“உனக்கு மரம் இருக்கு! எங்களுக்கு?” என்று முயல் அழுதது.

குரங்குக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் தரையில் விரித்த வரைபடமும் சுரைக்குடுக்கையும் நினைவுக்கு வந்தன. கீழே பார்த்தது. சருகுகள் எல்லாம் கிழக்கே அடித்துக்கொண்டு போயின. உடனே இறங்கி முயலைத் தோளில் ஏற்றிக்கொண்டது.

“மேற்கே வாங்க!”

“தண்ணி அங்கேருந்துதானே வருது! உனக்கென்ன பைத்தியமா?” என்றது முள்ளம்பன்றி.

“தண்ணி வர்ற பக்கம்தான்டா மேடு! டீச்சர் சொன்னாங்க, வா!”

மூன்றும் ஆற்றை விட்டு விலகி, வெள்ளத்தை எதிர்த்து மேற்கே நடந்தன. இடுப்பளவு தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. பிறகு பாதம் நனைந்தது. பிறகு பாறை தட்டுப்பட்டது.

மலைச் சரிவில் ஆள்காட்டி டீச்சர் மழையில் வட்டமிட்டபடி பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தார். மூன்றையும் பார்த்ததும் பறந்து வந்து சிறகால் அணைத்துக்கொண்டார். “எல்லாரும் வந்துட்டீங்களா?”

குரங்கு அவர் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பியது. “பரீட்சைக்கு வராதுன்னு சொன்னீங்களே டீச்சர், வந்துடுச்சு! எல்லாரும் பாஸ் டீச்சர்! உங்களாலதான்!”

மதிப்பெண்ணுக்குப் படித்தது மறந்துபோகும். புரிந்து படித்தது உயிரையே காக்கும் என்பதால், புரிய வைத்த ஆசிரியரை என்றும் நன்றியோடு நினைக்க வேண்டும்.