தாடை போன பன்றி

வைத்தது நீதான். பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உனக்குத் தெரியும். மீன் குடலில் சுற்றி, வாசம் ஏற்றி, முட்காட்டுக்குள் பன்றி போகிற தடத்தில் வெடி உருண்டையை வைத்தாய். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாய். அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை. சொல்கிறேன், கேள்.

காட்டோரம் ஓர் ஊற்றுக்குழி. அதன் கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் ஒரு குரு இருந்தார். அவருக்கு ஒரே சீடர், பெத்தணன். குருவைவிட வயதில் மூத்தவர். ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்து, பேச்சிலும் அடிதடியிலும் மேலே வந்து, ஒரு நாள் துண்டை உதறிவிட்டு வந்தவர். கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

காலையில் தண்ணீர் எடுக்கப் போன பெத்தணன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“சாமி... சாமி, அதுக்கு வாய் இல்ல.”

“எதற்கு?”

“பன்னிக்கு. கீழ்த்தாடையே இல்ல சாமி. தண்ணியில மூக்கை வைக்குது, குடிக்க முடியல. அந்தக் கோலத்துல படுத்துக்கிட்டுப் பால் குடுக்குது.”

குரு போய்ப் பார்த்தார். பெண்பன்றி சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. முதுகில் கோடு போட்ட குட்டிகள் மூன்று அதன் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன. பன்றிக்குப் பால் நினைத்த நேரமெல்லாம் இறங்காது. தாய் உறுமும். உறுமல் வேகம் பிடிக்கும்போதுதான் காம்பில் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இவள் உறுமினாள். சத்தம் ரத்தத்தோடு வந்தது. குட்டிகளுக்கு அது போதுமாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் உறுமல் நின்றது. குட்டிகள் முட்டுவதை நிறுத்தவில்லை.

பெத்தணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுப்புக் கொட்டில் எத்தனையோ பார்த்த மனிதர்.

பக்கத்துக் கடலைக் காட்டுக்காரி பேச்சித்தாய் அந்த வழியாக வந்தாள். பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எவன் வச்சான்?” பெத்தணன் எகிறினார்.

“என்னை ஏன் கேக்கீரு? ஒரே ராத்திரியில எங்க கடலையை உழுது போட்டுட்டுப் போச்சே இதுக, அப்ப எந்தச் சாமியாரு வந்து எட்டிப் பாத்தீரு?”

“அதுக்காக வாயைப் பேத்துப் போடுறதா?”

“நான் வைக்கல. வச்சவன் ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்டான், அதை மட்டும் சொல்லுதேன். பாத்துக் காலை வையும்.”

சாயங்காலம் கூட்டம் தண்ணீருக்கு வந்தது. ஆண் பன்றி ஒன்றும் இல்லை, தாய்களும் குட்டிகளும்தான். முன்னால் வந்த கிழட்டுப் பன்றி செத்தவளை முகர்ந்துவிட்டு விலகியது. அநாதைக் குட்டிகள் மூன்றும் வேறொரு தாயை நோக்கி ஓடின. அவள் காலடியில் ஏற்கெனவே குட்டிகள்.

பெத்தணன் துள்ளி எழுந்தார். “முட்டிக் கொன்னுரும் சாமி! ஆட்டுல பாத்திருக்கேன். அடுத்தது பெத்ததை மோந்து பாத்ததும் தூக்கி எறியும். நான் போய்ப் புடிச்சிட்டு வாரேன்...”

குரு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உமக்கு ஆடு தெரியும். இது பன்றி.”

அந்தத் தாய் முகர்ந்தாள். ஒன்றை மூக்கால் புரட்டினாள். பெத்தணன் கண்ணை மூடிக்கொண்டார். உறுமல் கேட்டுத் திறந்தபோது அவள் சரிந்து படுத்திருந்தாள். அவளுடைய குட்டிகள் அதனதன் காம்பில் இருந்தன. பிறந்த சில நாளிலேயே இடம் பிரித்துக்கொள்ளும் சாதி அது. கடைசியில் சும்மா கிடந்த காம்புகளில் வந்தவை தொற்றிக்கொண்டன.

“என்ன சாமி இது? தன் குட்டி எதுன்னு இவளுக்குத் தெரியாதா?”

“மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு தெரியும் அந்த மூக்குக்கு. குட்டி தெரியாதா?”

“அப்புறம் ஏன் குடுக்கா?”

குரு கோலை எடுத்தார். கூட்டம் இனிக் காட்டுக்குள் போகும். அதற்கு முன்னால் அந்தத் தடத்தில் தானே இறங்கினார். வெறுங்கால். சூரை முட்புதர் ஒவ்வொன்றையும் கோலால் விலக்கிப் பார்த்தார்.

அவர் என்ன செய்கிறார் என்பது பெத்தணனுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது. அலறினார்.

“சாமி! கோல் பட்டாலும் வெடிக்கும்!”

“பன்றிக்குக் கண் மங்கல். மூக்கை நம்பிப் போகும். மூக்குக்கு அது தீனி. எனக்குக் கண் இருக்கிறது.”

“நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரேன், இன்னைக்கு விட்ருங்க. சரி, நான் முன்னால போறேன். அதுவும் வேணாமா? பாதித் தூரம் நான், பாதித் தூரம் நீங்க!”

“சந்தை முடிந்துவிட்டது, பெத்தணரே.”

குரு அடுத்த புதரை நோக்கிக் கோலை நீட்டினார்.

“அது வேணாம் சாமி! அந்தப் புதரு வேணாம்!”

கத்தியது பேச்சித்தாய். கடலைக்குக் காவல் இருந்தவள் வரப்பிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தாள். குரு குனிந்து பார்த்தார். கோலுக்கு ஒரு சாண் தூரத்தில் உருண்டை கிடந்தது. ஈ மொய்த்தது.

பேச்சித்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஒண்ணுதான் சாமி எனக்குத் தெரியும். அவரு வைக்கிறப்ப வரப்புல இருந்து பாத்தேன். மத்தது எங்கன்னு... என் பிள்ளைக மேல சத்தியமா தெரியாது.”

குரு அந்தப் புதரைச் சுற்றிக் கல் அடுக்கினார். அடுத்த புதருக்கு நடந்தார். பெத்தணன் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

“நீங்களா வச்சீங்க? நீங்க ஏன் சாமி நடக்கணும்?”

“அவளும் அந்த மூன்றைப் பெறவில்லை.”

பெத்தணன் எழுந்து வழி விட்டார். பேச்சித்தாய் அழுதாள். குரு அவள் பக்கம் திரும்பினார்.

“வீட்டில் இருக்கிறவனிடம் போய்ச் சொல், தாயி. நான் நடந்துகொண்டுதான் இருப்பேன். எது எந்தப் புதரில் என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எழுந்து வரட்டும். வைத்த கையாலேயே எடுக்கட்டும்.”