நாற்பத்தொரு லட்சுமிகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பெண்கள் விடுதி. ஒடிசாவிலிருந்து வந்த நாற்பத்தொரு பேர் அங்கே தங்கி வேலை செய்தார்கள். சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போவார்கள். விடுதிப் பெண்கள் உள்ளே போனதும் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள்.

ஞாயிறு லீவு என்பதால் அன்று பகலிலும் பூட்டுத்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களில் ஒருத்திக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வாட்ச்மேன் போன் போட்டுக்கொண்டே இருந்தார். கதவு திறந்தபோது மதியம் மூன்று மணி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் இறந்துபோனாள்.

மிச்சம் நாற்பது பேர். பூட்டு அப்படியே தொங்கியது.

அந்தக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் மருதாசலம். யூனியன் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காத மனுஷன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனார்.

சங்கத்தை நடத்தியவர் எஸ்தர். மருதாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் செக்கிங் டேபிளில் நின்றவர். மூன்று கம்பெனிகள் அவரை வெளியே அனுப்பியிருந்தன. அங்கே எல்லாரும் எல்லாரையும் தோழர் என்றுதான் கூப்பிட்டார்கள். மருதாசலத்துக்கு நாலு நாள் வாய் கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

"நான் என்னங்க செய்யோணும், தோழர்?"

"பூட்டை எடுக்கச் சொல்லி மனு எழுதுங்க. இன்னும் பத்து நாள்ல தொழிலாளர் ஆபீசர் விசாரணை வெச்சிருக்காரு."

மருதாசலம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாத மனு. உள்ளூர்க்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். விடுதிப் பெண்கள் பயப்படுவார்கள் என்று அவர்களிடம் போகவில்லை. அவர்கள் பெயர்களைத் தானே ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

எஸ்தர் முதல் வரியைப் படித்தார். 'எங்கள் சக தொழிலாளி லட்சுமி' என்று அது ஆரம்பித்தது. பிறகு பட்டியலைப் பார்த்தார். லட்சுமி ஒன்று, லட்சுமி இரண்டு, லட்சுமி மூன்று. அப்படியே நாற்பத்தொன்று வரை போனது. நடுவில் ஒரு எண் மட்டும் இல்லை.

"இது என்னங்க தோழர்?"

"அவங்க பேருதானுங்க. ஒண்ணும் வாயில நுழையலைன்னு அப்ப இருந்த சூப்பர்வைசர் எல்லாத்துக்கும் லட்சுமின்னு வெச்சுட்டாரு. ஆள் வேணும்னா நம்பர் சேத்திக் கூப்பிடுவோமுங்க."

"செத்துப்போன பொண்ணு?"

"பதினேழுங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"லட்சுமின்னு ஒருத்தர் எங்ககிட்ட வேலையே செய்யலைன்னு கம்பெனி வக்கீல் ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு," என்றார் எஸ்தர். "அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணை அவங்கம்மா என்னன்னு கூப்பிட்டிருப்பாங்க?"

மருதாசலத்துக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் அவருடைய மேஜைக்கு எதிரே நின்று பண்டல் கட்டியவள் அவள்.

"ஆபீஸ் ரெக்கார்டுல இருக்குமுங்க. கேட்டு வாங்கிட்டு வரட்டுங்களா?"

"ஆபீஸ்ல கேக்காதீங்க," என்று சொல்லி எஸ்தர் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

கம்பெனியில் பத்தரை மணிக்கு டீ. உள்ளூர்க்காரர்கள் படிக்கட்டில் உட்கார்வார்கள். விடுதிப் பெண்கள் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்வார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

மறுநாள் மருதாசலம் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மூட்டைப் பக்கம் போனார். அத்தனை பேரும் விருட்டென்று எழுந்துவிட்டார்கள். ஒருத்தி பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு மெஷின் பக்கம் நடந்தாள்.

"அட, உக்காருங்க சாமி. வேலை சொல்ல வரலை. உங்க பேரெல்லாம் என்ன?"

"லட்சுமி," என்றாள் முதலாமவள்.

"லட்சுமி," என்றாள் அடுத்தவள்.

"லட்சுமி, மாஸ்டர். இருபத்திரெண்டு," என்றாள் மூன்றாமவள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பதற்றம் அவள் முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் அவர் எஸ்தரிடம் வந்து நின்றார். "நாற்பது பேரும் லட்சுமிங்கறாங்க, தோழர்."

"நீங்க உங்க பேரைச் சொன்னீங்களா?"

"நான் மாஸ்டருங்க. எல்லாருக்கும் தெரியுமே."

"மாஸ்டர்ங்கறது பேருங்களா?"

அடுத்த நாளும் போனார். நெஞ்சில் கை வைத்து, "மருதாசலம்," என்றார்.

"மொருதா... மொருதாச..." அவர்களால் முடியவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

படிக்கட்டிலிருந்து டெய்லர் காளியப்பன் சத்தம் போட்டான். "என்னங்க மாஸ்டர், இந்திப் பரிச்சைக்குப் படிக்கிறீங்களா? எங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க!"

படிக்கட்டே சிரித்தது. மருதாசலத்துக்குக் காது சூடேறியது.

ஒல்லியாக இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "இந்தி எங்களுக்கும் சரியா வராது, மாஸ்டர். எங்க பாசை வேற."

அவர்கள் பேசுவது இந்தி என்றுதான் ஆறு வருஷமாக அவர் நினைத்திருந்தார்.

அவர் பெயர் அவர்கள் வாயில் சரியாக வர இன்னும் மூன்று டீ நேரம் ஆனது. முதலில் சரியாகச் சொன்னவள் அந்த ஒல்லிப் பெண்தான். சொல்லிவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்தாள். "சோனாமுனி ஹெம்ப்ரம்."

அவர் தப்பாகச் சொன்னார். அவள் திருத்தினாள். மறுபடியும் தப்பு. இந்த முறை எல்லாரும் திருத்தினார்கள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாகப் பெயர் சொன்னார்கள்.

அவர் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் சோனாமுனியே சொன்னாள்.

"அவ பேரு பாஹாமுனி. பாஹாமுனி முர்மு. பாஹான்னா பூ, மாஸ்டர்."

யாரும் டீயைக் குடிக்கவில்லை.

"நான் மனுவைத் திருத்தி எழுதிடறேன்," என்றார் மருதாசலம். "உங்களுக்காக நான் பேசறேன். நீங்க பயப்படாதீங்க."

சோனாமுனி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். பிறகு அவள் இவர் பக்கம் திரும்பினாள்.

"நாங்க எழுதறோம்."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மருதாசலம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். முழுக்க ஒடியா. கீழே நாற்பது கையெழுத்து. அதற்கும் கீழே வெறும் இடம்.

"நம்ம ஆளுங்களும் இதுலயே கையெழுத்துப் போடோணுமாம். முதல்ல என்னையப் போடச் சொல்றாங்க, தோழர்."

"போடுங்க."

"ஆபீசருக்கே இது புரியாதுங்களே."

"அவரு ஆள் வெச்சுப் படிச்சுக்குவாரு. அது அவர் வேலை."

மருதாசலம் உட்காரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேரு முதல்ல இருந்தா நாளைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பதினெட்டு வருஷ வேலைங்க. அதுக்குக்கூடத் துணிஞ்சுட்டேன். ஆனா இதுல என்ன எழுதியிருக்குதுன்னே தெரியலையே. வட்டம் வட்டமா இருக்குது. என்னையப் பத்தியே எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாது. புரியாத காகிதத்துல ஒரு மனுசன் எப்படிங்க கையெழுத்துப் போடுவான்?"

"அவங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஒரு காகிதத்துல போட்டிருப்பாங்களே?"

"ஆமாங்க. கம்பெனி ஃபாரம்."

"அது எந்த பாசையில இருந்துச்சு?"

"தமிழ்லங்க."

"யாரு படிச்சுக் காட்டினாங்க?"

ஃபாரத்தை மேஜைமேல் விரித்து, போட வேண்டிய இடத்தை ஒவ்வொருத்திக்கும் விரலால் தொட்டுக் காட்டியது மருதாசலம்தான்.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எஸ்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லீங்க, தோழர். விடுதியைப் பூட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்குது. போய்க் கேளுங்க, படிச்சுக் காட்டுவாங்க."