குளிருக்குப் போத்தின பிளேட்டு

ஒரு ஊர்ல ஒரு பொம்மக்கா இருந்தா. மேகம் வீட்டுக்குள்ளயே நடந்து வர்ற மலை ஊரு. புருஷன் போய்ச் சேந்துட்டான், புள்ளகுட்டி கெடையாது. அவளுக்குன்னு இருந்தது ஒரு செவலக் கோழியும் கூரை மேல ஒரு சோலார் பிளேட்டுந்தான். "ம்" கொட்டுடி. நீ கொட்டலன்னா கதை நடுவழியில நின்னுரும்.

"ம்."

அப்புறம் அந்தக் கோழி குஞ்சு பொரிச்சுது. பொரிச்ச சூடு ஆறல, காட்டுப்பூனை வந்து லபக்குனு கோழியக் கவ்விட்டுப் போயிருச்சு. குஞ்சுங்க கீச்சு கீச்சுன்னு அலறுதுங்க. பாவம், ஆத்தா சூடு வேணும்ல? பொம்மக்கா என்ன பண்ணா, கூடையில வைக்கோலப் பரப்பி அதுங்கள உள்ள விட்டு, மேல ஒரு மஞ்ச பல்பத் தொங்கவிட்டா. பகல்ல பிளேட்டு வெயிலக் குடிச்சு பேட்டரிக்குக் குடுக்கும், இருட்டுனதும் பேட்டரி பல்புக்குக் குடுக்கும். குஞ்சுங்க அந்தச் சூட்டுல ஒட்டிக்கிட்டுத் தூங்கும். அவ காலடிச் சத்தம் கேட்டாப் போதும், குடுகுடுன்னு ஓடியாந்து சேலைக்குள்ள பூந்துக்கும். புருஷன் போனதுக்கப்புறம் அவ வாய்விட்டுச் சிரிச்சது அப்பத்தான்.

அப்போ மார்கழி வந்துச்சு. பகல் சுருங்கிப் போச்சு. மொதல்ல மூடுபனி. பிளேட்டு மேல பொட்டுப் பொட்டா தண்ணி நிக்குது. பல்பு விடியறதுக்கு முன்னாடியே மினுக் மினுக்னு மங்குது. பொம்மக்கா ஏணி வச்சு ஏறி, முந்தானையால சரக் சரக்குனு தொடச்சா. கொஞ்சம் பரவால்ல.

அப்புறம் நெழல் வந்துச்சு. மார்கழியில சூரியன் தெக்க சாஞ்சு போவான்ல, சித்திரையில எட்டாத மரத்து நெழல் இப்ப பிளேட்டு மேல வந்து படுத்துக்கிருச்சு. அருவாள எடுத்தா, சதக் சதக்குனு கெளைய வெட்டிச் சாச்சா. பல்பு தெளிஞ்சுது.

"ம்..."

மூணாவதா வந்துச்சு பாரு, உறைபனி. புல்லெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளை. அந்த ஊர்ல உறைபனி விழுந்தா முட்டைக்கோசு நாத்து கருகிப் போகும். அதனால காஞ்ச புல்லப் போட்டு மூடுவாங்க, பனி நல்லாக் கரைஞ்சப்புறந்தான் எடுப்பாங்க. அவ கை பழகுனதும் அதுதான். 'ஐயோ, வீட்டுக்கே வெளிச்சம் குடுக்குறது, ஒத்தையில நடுங்குதே'ன்னு, அன்னிக்கு ராத்திரி இருந்த ஒரே கம்பளியத் தூக்கிட்டுப் போய் பிளேட்டுக்குப் போத்திவிட்டா. இவ சாக்கப் போத்திக்கிட்டுப் படுத்தா. பைத்தியக்காரி! ஆனா பாசக்காரி.

உறைபனி விழுந்த காலையில வானம் துடைச்சு விட்டாப்ல இருக்கும், வெயில் சுள்ளுனு அடிக்கும். மத்தியானம் ஆனா மேகம் ஏறி எல்லாத்தையும் மூடிரும். மறுநாள் அவ உச்சிப் பொழுதுக்குப் போய்க் கம்பளிய எடுத்தா, அதுக்குள்ள மேகம் வந்துருச்சு. அன்னிக்கு வெயில் முழுக்கக் கம்பளி மேலயே போச்சு.

பொழுது சாஞ்சு பல்பப் போட்டா. மினுக்... மினுக்... டப். அவ்வளவுதான். கம்பளி பனியில நனைஞ்சு சொதசொதன்னு கெடக்கு. அடுப்புல வெறகப் போட்டு, கூடையப் பக்கத்துல வச்சு, சாக்கால மூடி ஊதிக்கிட்டே இருந்தா. அசதியில கண்ணு சொக்கிருச்சு, நெருப்பு அணைஞ்சு போச்சு. விடிஞ்சதும் கூடையத் தட்டினா. ஒரு கீச்சுச் சத்தம் இல்ல.

பிளேட்டு மாட்டுன தவசியக் கூப்பிட்டுவிட்டா. அவன் வந்து பாத்துட்டுச் சொன்னான்: "சித்தி, பிளேட்டுக்குக் குளிராது. குளிர்ல அது இன்னும் நல்லாத்தான் வேலை செய்யும். அதுக்கு வெளிச்சம் மட்டும் போதும்."

"அப்போ குளிருனது யாருக்குடா தவசி?"

அவன் ஏணியில ஏறி, பிளேட்டு மேல ஒட்டிக்கெடந்த கம்பளி நூலத் தொடச்சு விட்டுட்டுப் போனான்.

அன்னிக்கு பிளேட்டு காலையிலேர்ந்து வெயிலக் குடிச்சுது. பொழுது சாஞ்சதும் அவ பழக்கத்துல சுவிட்சப் போட்டா. பல்பு ஜெகஜோதியா எரிஞ்சுது. கூடையில வெறும் வைக்கோல் கதகதன்னு காஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. பல்ப அணைக்க அவளுக்கு மனசு வரல. பக்கத்துல உக்காந்து அழுதா.

"ஒண்ணு கூடவா பொழைக்கல?"

இல்லடி தங்கம். பொழைச்சுதுன்னு பொய் சொல்லி உன்னத் தூங்க வைக்க எனக்கு வாய் வரல. அழணும்னா கொஞ்சம் அழுதுக்க, நான் இங்கயேதான் இருக்கேன். கதையும் கரைஞ்சு போச்சு, பொழுதும் ஆயிப்போச்சு. கண்ண மூடு.