கண் சிமிட்டும் நேரத்தில் பதில்

ஊரில் யார் எந்த இணையப் பக்கத்தின் பெயரைத் தட்டினாலும், அது இருக்கும் முகவரியைக் கேட்டறிந்து சொல்வது அருளப்பனின் சர்வர். ஒருமுறை கேட்டறிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தவருக்குக் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் கிடைக்கும். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, பதினோரு வருட உழைப்பு.

அவருடைய குரு செண்பகவல்லி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வித்தைக்கு வயது ஏது என்று அருளப்பனே தேடிப்போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்று காலை டயாலிசிஸுக்கு வந்த இரண்டு பேரின் பெயர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரியின் பக்கம் என்று நம்பி, ஒரு போலிப் பக்கத்தில் நேரம் பதிந்திருந்தார்கள். சர்வரின் மென்பொருளில் ஓர் ஓட்டை. அதன் வழியே எவனோ பொய் முகவரியைப் புகுத்தியிருந்தான்.

அருளப்பன் பதறவில்லை. புது மென்பொருளை ஏற்றி, மதியத்துக்குள் ஓட்டையை அடைத்துவிட்டார். அதோடு விட்டாரா? சர்வரின் பழைய நினைவைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, ஒன்றுவிடாமல் திரும்ப ஏற்றினார். வேகம் இம்மியும் குறையவில்லை. நேரே குருவிடம் போனார்.

“இனி ஒரு பொய்யும் உள்ளே வராது மேடம். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிரலாமா?”

செண்பகவல்லி தன் கைபேசியை நீட்டி, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அவர் பெயருக்கே ஒரு நேரம் பதியச் சொன்னார். அருளப்பன் பதிந்தார். நாளைக் காலை ஆறு மணி என்று உடனே பதில் வந்தது. எப்படி என்பதுபோல் சிரித்தார்.

குரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அவர் காதிலும் விழும்படி வைத்தார்.

“நாளைக்கு ஆறு மணிக்கு அருளப்பன்னு யாரும் இல்லையேம்மா,” என்றது மறுமுனை.

அருளப்பனின் முகம் சுண்டிப்போனது. கொசுவை உள்ளே விட்டுவிட்டுக் கொசுவலையைத் தைத்திருக்கிறார். பழைய நினைவோடு அந்தப் பொய் முகவரியையும் பொத்திப் பொத்தி எடுத்துவைத்துத் திரும்பச் சேர்த்தது அவர் கைதான். பெரிய வெட்கமாக இருந்தது.

நினைவு மொத்தத்தையும் அழித்துவிடச் சொன்னார் குரு.

அருளப்பனுக்கு மனம் வரவில்லை. “சர்வருக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிருமே மேடம்.”

“தெரியலைன்னா கேக்கும் சார்,” என்றார் செண்பகவல்லி. “தெரியும்னு இருக்கிறதாலதான கேக்க மாட்டேங்குது.”