ஊசி நாள் சாப்பாடு

கல்யாணச் சமையலில் சுடலையாண்டிக்குப் பெயர் உண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் அவர் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்த பந்தியில் மறுசோறு கேட்காமல் எழுந்தவர்கள் குறைவு. ஐம்பது வயதைத் தாண்டியபின் அவர் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு மருத்துவமனையின் சமையலறைக்கு வந்தார். அங்கே உணவுப் பிரிவின் பொறுப்பில் இருந்த மெகருன்னிஸாவிடம், தனக்குச் சமைக்கத் தெரியும், நோயாளிக்குச் சமைக்கத் தெரியாது, சொல்லித்தர வேண்டும் என்றார்.

மெகருன்னிஸா அவரைவிடப் பத்து வயது இளையவர். சுடலையாண்டி அவரை டீச்சர் என்று அழைத்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார்.

சொல்லித்தந்ததை அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வாய்ப்புண் உள்ள பிள்ளைக்குப் புளிப்பும் காரமும் ஆகாது. கொஞ்சமாகத் தின்கிற பிள்ளைக்கு அந்தக் கொஞ்சத்திலேயே நெய்யும் பருப்பும் சேரவேண்டும். வைத்திருந்து ஆறிப்போன சோறு யாருக்கும் கிடையாது.

ஒன்று மட்டும் அவருக்கு ஏறவில்லை. ஊசி மருந்து ஏற்றும் நாளில், ஒரு பிள்ளைக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டை அதற்குக் கொடுக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"அன்னைக்குத்தானே டீச்சர், பிடிச்சது வேணும்?"

"மருந்து வயித்தைப் புரட்டும். புள்ள மருந்தைக் குத்தம் சொல்லாது அண்ணாச்சி. கடைசியாத் தின்னதைத்தான் சொல்லும்."

சுடலையாண்டி தலையாட்டினார். புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவர் கைச்சோறு தின்று இதுவரை யாரும் வாந்தி எடுத்ததில்லை.

ஷெர்லினுக்கு ஏழு வயது. மருந்து தொடங்கியபின் எதைத் தின்றாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்பாள். இட்லி போயிற்று, முட்டை போயிற்று, பாலும் போயிற்று. சொதிச்சோறு மட்டும் அவளுக்குச் சொதிச்சோறாகவே இருந்தது. அம்மா ஜெபராணி வைத்தாலும் தின்பாள், சுடலையாண்டி வைத்தாலும் தின்பாள். அவருக்குச் சொதி மாமா என்று பெயரும் வைத்திருந்தாள். எடை இன்னும் இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்டவேண்டும், மருந்தைத் தள்ளிப்போடவும் நேரலாம் என்று டாக்டர் ஜெபராணியிடம் சொல்லியிருந்தார்.

ஓர் ஊசி நாள் காலை, டீச்சர் டாக்டர்களோடு கூட்டத்தில் இருந்தார். ஷெர்லின் கஞ்சியைத் தள்ளிவிட்டாள் என்று தகவல் வந்தது. சுடலையாண்டி வார்டுக்குப் போய்ப் பார்த்தார். அவள் சொதி கேட்கவில்லை.

"சொதி மாமா, என்மேல கோவமா?"

அவர் திரும்பிப் போய்த் தேங்காய் உடைத்தார்.

கிண்ணத்தை வழித்துத் தின்றாள். பக்கத்திலேயே நின்று பார்த்தார். அதன்பிறகு மருந்து ஏறியது. பிற்பகலில் வாந்தி தொடங்கி, இருட்டும்வரை நிற்கவில்லை.

சில நாளில் தெளிந்தாள். ஜெபராணி சொதி பிசைந்து கொண்டுவந்தாள். வாசனை வந்ததுமே ஷெர்லின் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டதோ என்று ஜெபராணி மறுபடி வைத்தாள். அதையும் தொடவில்லை. எடை இறங்கியது.

சுடலையாண்டி டீச்சரிடம் போய், தான் செய்ததைச் சொன்னார். டீச்சர் ஏசவில்லை. ஜெபராணிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது."

"சொல்லிருங்க. தன் கைப்பக்குவத்துல குறைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

போய்ச் சொன்னார். பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் தானும் வைத்துக் கொடுத்திருப்பேன் என்றாள் ஜெபராணி. அது அவருக்கு ஏச்சைவிடக் கடினமாக இருந்தது.

மூவரும் வேறு சாப்பாடு தேடினார்கள். கேப்பைக்கூழைப் பார்த்து, இதை வைத்துச் சுவர் பூசலாம் என்றாள் ஷெர்லின். பருப்புச் சாதத்தை நாய்க்குப் போடச் சொன்னாள். நாயும் பாவம் என்று அவளே திருத்திக்கொண்டாள். கடைசியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியை ஒரு கிள்ளு வாயில் வைத்துத் துப்பாமல் இருந்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். எடை ஏறவில்லை. ஆனால் இறங்குவது நின்றது.

அடுத்த ஊசி நாள் வந்தது. டீச்சர் சுடலையாண்டியைச் சமையலறையிலிருந்து வார்டுக்கு அழைத்துப் போனார். ஊசி நாள் காலையில் டீச்சர் வார்டுக்குள் நுழைவதை அவர் பார்த்ததில்லை.

"ஓம டீச்சர் வந்தாச்சு" என்றது ஒரு குரல். ஒருவன் போர்வைக்குள் ஒளிந்தான். கஞ்சி குடித்து முடித்த ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் டீச்சர் ஒரு பச்சை மிட்டாயைப் போட்டார். ஓம நெடி வார்டு முழுக்க அடித்தது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தன. ஒருத்தி டீச்சரின் கையைத் தட்டிவிட்டாள்.

"இது எதுக்கு டீச்சர்?"

"இனிமே வாந்தி வந்தா இதைத்தான் ஏசும்."

ஷெர்லினின் கட்டில் வந்தது. டீச்சர் ஒரு மிட்டாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இவளுக்கு நீங்க கொடுங்க."

ஷெர்லின் அவருடைய கைகளைப் பார்த்தாள். முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தாள். களி எங்கே என்று கேட்டாள்.

சுடலையாண்டி கொஞ்சம் விலகி வந்து தணிந்த குரலில் பேசினார்.

"புள்ளைக எல்லாம் உங்களைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்புதுகளே டீச்சர்."

"ஆமா."

"வருத்தமா இல்லையா?"

"முதல்ல இருந்துச்சு."

மிட்டாய் அவர் கையில் பிசுபிசுத்தது.

"என்னையும் வெறுத்துருவா டீச்சர்."

"வெறுக்கட்டும் அண்ணாச்சி. உங்களையா திங்கப்போறா?"