வாசலோடு நின்ற செய்தி

தவசீலன் செத்த செய்தி அவன் வீட்டு வாசல்வரை வந்தது. உள்ளே போக ஒன்பது வருடம் பிடித்தது. நடந்த பிழை அவ்வளவுதான்.

தவசீலனுக்கு ஆறு வயதாயிருந்தபோது அவன் அப்பாவை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். மனிதர் திரும்பவில்லை. தாய் தையல்நாயகி பதினொரு வருடம் குங்குமத்தை அழிக்காமல் காத்திருந்தாள். பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே அழித்தாள். மூத்த மகன் இயக்கத்துக்குப் போனான், பெட்டியில் வந்தான். அன்று அவள் கிணற்றில் குதித்தாள். அயலார் கயிறு விட்டுத் தூக்கினார்கள்.

இரண்டையும் பார்த்து வளர்ந்தவன் தவசீலன். தமையன் செத்த அடுத்த வருடம் அவனும் இயக்கத்துக்குப் போனான். ஏன் என்று அந்த நாளில் வன்னியில் யாரும் கேட்பதில்லை. ஆறு வருடம் காவலரணில் கிடந்தான். இரண்டு தரம் காயப்பட்டு, ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான். இடையில் சுகந்தினியைக் கட்டினான். அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம் வராது.

கடைசிச் சண்டையில், கடற்கரை மணலில், ஷெல் துண்டு வயிற்றைக் கிழித்தது. பக்கத்தில் இருந்தவன் குகதாசன். ஒரே ஊர், ஒரே காவலரண்.

“அம்மாட்டச் சொல்லாதை. இன்னொருக்காக் கிணத்தில குதிப்பா.”

“சரியடா.”

“சுகந்தியைக் காக்க வைக்காதை. அம்மா இருந்த மாதிரி அவள் இருக்கக் கூடாது.”

“அதுக்கும் சரி.”

சாகிறவனிடம் வேறு என்ன சொல்வது? மண்வெட்டி கிடைக்கவில்லை. குகதாசன் கையால் மணலில் குழி கிண்டி அவனைத் தாட்டான்.

தடுப்பு முகாமில் இருந்த இரண்டு வருடமும் குகதாசனுக்கு இதே யோசனைதான். மாமியும் மருமகளும் ஒரே கூரையின் கீழ். மருமகளுக்குச் சொன்னால் குங்குமம் அழியும். அழிந்தால் தாய் பார்ப்பாள். ஒரு சொல்லைக் காத்தால் மற்றது போகும்.

வெளியே விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போனான்.

“வாடா குகன். என்ன, மிளகாய்த் தோட்டத்து வெருளி மாதிரி வந்து நிக்கிறாய்? இரு, புட்டு இருக்கு.”

“பசியில்லை அம்மா.”

“உனக்கோ? என்ர பிள்ளையின்ர பங்கையும் சேத்துத் திண்டவனெல்லோ நீ!” என்று சிரித்தாள். சிரித்த வாயோடு கேட்டாள்: “அவனைக் கண்டனியோ?”

“கடைசியில பிரிஞ்சு போனம் அம்மா. எங்கையேனும் இருப்பான்.”

தேத்தண்ணீரைக் குடித்தான். கோப்பையை வைத்தான். ஒன்றும் பேசாமல் எழுந்து, படலையைச் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை, சுகந்தினி படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னான். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அவள் அழவில்லை.

“மாமிக்குத் தெரியுமோ?”

“தெரியாது. தெரியவும் கூடாது. அவன்ர சொல்லு.”

மறுநாள் காலை அவள் வழமைபோலக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து அதைக் கொண்டுவந்து கொடுப்பவள் தையல்நாயகி. காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு வீதியோரம் குந்தியிருந்தபோது அவள் மட்டும் போகவில்லை. முழங்கால் நோ என்றாள்.

இப்படியே ஒன்பது வருடம் போனது. முன்பள்ளிக்கு மதில் கட்ட ஒரு மேசன் வந்தான். மனைவியை ஷெல்லில் இழந்தவன், குடிப்பழக்கம் இல்லாதவன். சுகந்தினிக்கு அவனைப் பிடித்திருந்தது. குகதாசனுக்கு அது தெரியும். மேசன் தன் தமக்கையை அனுப்பிப் பெண் கேட்டான்.

“என்ர மனுசன் வருவார். நீங்கள் போங்கோ” என்றாள் சுகந்தினி, மாமிக்கு முன்னாலேயே.

அன்று மத்தியானம் தையல்நாயகி குகதாசனைக் கூப்பிட்டனுப்பினாள். மருமகளையும் பக்கத்தில் இருத்தினாள்.

“எங்கயடா அவனைத் தாட்டனீ?”

குகதாசன் சுகந்தினியைப் பார்த்தான்.

“செத்தவீட்டில இருந்து எழும்பிற ஆக்கள்தான் ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லமாட்டினம். அண்டைக்கு நீ சொல்லேல்லை. படலை சாத்தின சத்தத்தோட எனக்கு விளங்கிப்போச்சு.”

“பிறகு ஏனம்மா பேசாமல் இருந்தனீங்கள்?”

“இவளின்ர நெத்தியைப் பாத்தன். நான் வாய்விட்டு அழுதா அது அழிஞ்சு போம். கிடக்கட்டும் எண்டு விட்டன்.”

“மாமி, எனக்கும் தெரியும்” என்றாள் சுகந்தினி. “அடுத்த கிழமையே குகன் அண்ணை சொல்லிப்போட்டார்.”

கிழவி அவளையே பார்த்தாள்.

“அப்ப இவ்வளவு காலமும் அதை ஆருக்கடி வைச்சனீ?”

“உங்களுக்குத்தான் மாமி.”

குகதாசன் செத்தவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், அதனால் தாயிடம் பேசவில்லை. சுகந்தினி மாமிக்காகப் பேசவில்லை. தையல்நாயகி மருமகளுக்காகப் பேசவில்லை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: குகதாசன் செய்தது சரியில்லை. அவளைக் காக்க வைக்காதே என்றுதான் நண்பன் கேட்டான். இவன் செய்தியைச் சொல்லி, வாயையும் கட்டி, அவளைக் காத்திருப்பவள் போல நடிக்க வைத்தான். அது காத்திருப்பதைவிடக் கொடுமை. சுகந்தினி கொடுத்தது தன்னுடைய வருடங்களை, அதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனாலும் தாங்கமாட்டாள் என்று மாமியைக் குறைத்து மதித்தாள். தையல்நாயகியிடம் யாரும் சொல் வாங்கிக் கட்டிப்போடவில்லை. காத்திருப்பது என்னவென்று அறிந்தவளும் அவள்தான். முதல் நாளே பேசியிருக்க வேண்டும், பேசாதது பிழை. ஆனால் மருமகள் ஒரு வாழ்க்கையைத் தள்ளிவிட்டதைக் கண்ட அன்றே கேட்டாள் பாருங்கள், அந்த ஒரு மத்தியானம்தான் இந்தக் கதையில் சரி. பிறகு, செத்தவர்களுக்குக் கடமை கழிக்கும் கீரிமலைக் கடற்கரையில், கிரியை செய்ய ஆண்பிள்ளை யார் என்று ஐயர் கேட்டார். “தாட்டவன் இவன். இவனே செய்யட்டும்” என்று குகதாசனைப் பிடித்து இருத்தினாள். அவன் அங்கேதான் முதல்தரம் அழுதான். தை பிறந்ததும், கைம்பெண் எடுக்கக் கூடாத வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, மேசன் வீட்டுக்குச் சம்மதம் சொல்ல ஒருத்தி நடந்து போனாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. போனவள் தையல்நாயகி.